தைலம்மாள் வாயில் வராத சொல்

"பொன்னுரங்கண்ணே, வூட்ல உப்பு நெறஞ்சி கெடக்குது" என்று தைலம்மாள் வந்து நின்றால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒரு பாக்கெட் உப்பை எடுத்து நீட்டுவார். அவள் வீட்டில் ஒரு பொருள் நிறைந்திருக்கிறது என்றால் டப்பா காலி என்று அர்த்தம். இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்பது அவள் பயம்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவள் தெரு. உப்புக்கும் அரிசிக்கும் இந்த மரியாதையைத் தருகிறவர்கள் அங்கே இன்னும் சிலர் உண்டு. தைலம்மாளோ வெற்றிலை, சீயக்காய், ரேஷன் மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விடுவாள். ஒருநாள் கடைசி பஸ் போய்விட்டதா என்பதைக்கூட "நெறஞ்சிடுச்சா?" என்று கேட்க, வெளியூர்க்காரர் ஒருவர், "இல்லம்மா, காலியாத்தான் போச்சு" என்றாராம். கரும்பு வெட்டில் அவள் கைக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது, வாய்க்கும்தான். "வாயி நின்னா கையும் நின்னுடும்" என்பாள்.

போன கார்த்திகையில் பட்டணத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். அந்தப் பக்கம் பெரிய காகித ஆலை வரப்போகிறது, வந்தால் மண்ணும் நீரும் என்ன ஆகும் என்று எழுதிப் போக வந்தவர். தெருக் கிணறு மழைத் தண்ணீரில் தளும்பிக்கொண்டிருந்தது. தைலம்மாள் அவருக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தாள்.

"சித்திரை மாசத்துல இந்தக் கிணறு எப்படிம்மா இருக்கும்?"

"சித்திரையிலயா? சுத்தமா நெறஞ்சிடும் சார்."

சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

தை பிறந்ததும் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தது. பக்கத்து வீட்டு செவ்வந்தி படித்துக் காட்டினாள்: 'கோடையிலும் இக்கிணறு நிரம்பியிருக்கும் என அப்பகுதிவாசி தைலம்மாள் தெரிவித்தார். எனவே ஆலை நிலத்தடி நீர் எடுப்பதால் குடிநீருக்குப் பாதிப்பில்லை.' நாற்பது வீட்டுக்கும் குடிக்க அந்த ஒரு கிணறுதான். சித்திரையில் அடியில் கசிவதைக் கொட்டாங்குச்சியால் வழித்து எடுப்பார்கள். ஆலை உறிஞ்சினால் அதுவும் போகும்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. "நான் சொன்னத அவுரு எழுதிக்கினாரு. அவுரு மேல இன்னா தப்பு?" என்றவள், இரண்டு நாள் கரும்புத் தோட்டத்தில் வாயே திறக்கவில்லை. கை மட்டும் ஓடியது பாவம்.

ஆலை பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. "சித்திரையில தண்ணி இல்ல, அவ்ளோதான் அத்த. மூணு வார்த்த" என்று செவ்வந்தி வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

"நம்ம தாகம் தீக்கிற கெணத்தப் போயி அப்டி சொல்லலாமாடி?"

பேர் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றாள்.

"சார், சித்திரையில எங்க கெணத்துல தண்ணி... நெறஞ்சி..."

கம்பெனிக்காரர்கள் பக்கம் தலைகள் ஆடின. மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "இருக்குமா, இருக்காதாம்மா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

தைலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இல்ல சார். சொட்டு தண்ணி இல்ல."

சொன்ன கையோடு கிணறு இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.