கொடிக்கால் மண்ணும் குழந்தையின் ஊசியும்

நுண்ணோக்கியின் கீழே கொக்கிப்புழுவின் முட்டை பார்க்க அழகாகவே இருக்கும். கண்ணாடி போல மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்துபோல் சில உயிரணுக்கள். நாள் முழுவதும் பார்த்துப் பழகிய எனக்கு அவற்றின் மேல் அருவருப்பு எதுவும் இருந்ததில்லை. அன்று காலை நான் பார்த்தவையும் வழக்கமான முட்டைகள்தான். மாதிரி வரும் டப்பிகளில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அந்த டப்பியில் எண்ணை ஒட்டியவள் நானே. அது எங்கள் டாக்டருடையது. அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஓர் ஆய்வுக் குழுவில் நான் ஆய்வகப் பணியாளராக இருந்தேன். திருநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து டாக்டருடன் ஜீப்பில் சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவோம். கர்ப்பிணிகளின் மலத்தைச் சோதித்து, பிறகு அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தையும் சோதிப்பது எங்கள் வேலை. குடலில் தங்கும் புழு, உடல் தன்னை விரட்டாமல் இருப்பதற்காக உடலின் எதிர்ப்பைக் கொஞ்சம் மந்தமாக்கிவிடும். தாயின் உடலில் நடக்கும் அந்த மந்தம் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் தொடுமா, தொட்டால் பிறந்தபின் போடும் தடுப்பூசி அந்தப் பிள்ளையின் உடலில் சரியாகப் பிடித்து நோயெதிர்ப்பை உண்டாக்குமா என்பதுதான் கேள்வி. பிடிக்காது என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

டாக்டர் தல்லாகுளத்தில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி வந்த வீடு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். கொடிக்காலுக்குள் எந்நேரமும் நிழலும் ஈரமும் இருக்கும். மண் காலடியில் களியாக ஒட்டும். அதற்குள் யாரும் செருப்புப் போட்டு நுழைவதில்லை. மகாலட்சுமி இருக்கும் இடம் என்பார்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதை எல்லா ஊரிலும் படம் காட்டிச் சொன்ன டாக்டர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாருடன் வெறுங்காலோடுதான் கொடிக்காலுக்குள் போய்வந்தார். புது மருமகள் வேறென்ன செய்ய முடியும்.

அவர் டப்பி கொடுக்க நேர்ந்ததும் அந்தக் கொடிக்காலில் வேலை செய்த ஓர் அக்காவால்தான். கொடிகளைக் கயிறால் கட்டி ஏற்றுவதும் வெற்றிலை கிள்ளுவதும் அந்த அக்காவின் வேலை. அவரும் ஐந்து மாதம். முதல் கர்ப்பம் ஆறாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அங்கன்வாடியில் பெண்களைக் கூட்டி, டப்பியில் மலம் எடுத்துத் தரும்படி டாக்டர் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து நின்று கேட்டார்.

“நீங்களும் மாசமாத்தான இருக்கீக, டாக்டரம்மா? நீங்க குடுத்தீகளா?”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துவிட்டு ஒரு டப்பியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரின் டப்பியும் ஒரே நாளில் வந்தன. அக்காவின் மாதிரியில் முட்டைகள் மிக அதிகம். டாக்டருடையதில் குறைவு, ஆனால் இருந்தன. நான் சொன்னதும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். “நல்லாத் தெரியுது,” என்று மட்டும் சொன்னார்.

கர்ப்பத்தின் நடு மாதங்களில் பூச்சி மாத்திரை கொடுப்பது வழக்கம்தான். அவரே எத்தனையோ பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் தனக்கு என்று வந்தபோது மாத்திரையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அடிக்கடி இழுத்துப் பார்த்து மூடினார். மாமியார், “தலைச்சன் புள்ள. கண்ட மாத்திரையையும் வயித்துக்குள்ள போடாத,” என்று சொல்லியிருந்தார். ஒருநாள் என்னிடம், “நீயா இருந்தா போடுவியா?” என்று கேட்டார். எனக்கு அப்போது திருமணம்கூட ஆகவில்லை. “தெரியல மேடம்,” என்றேன். “எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை வரல,” என்றார்.

அடுத்த வாரம் அங்கன்வாடியில் அக்கா மாத்திரையை வாங்க மறுத்தார். போன தடவை போனதுபோல் இதுவும் போய்விட்டால் யார் பதில் சொல்வது என்பது அவர் வாதம். பேச்சின் நடுவே, “உங்களுக்கும் பூச்சி இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது என்றார் டாக்டர்.

“மாத்திரை போட்டீகளா?”

“இன்னும் போடல. பயமா இருக்கு.”

எங்களோடு வந்திருந்த களப்பணியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இனி இந்த ஊரில் ஒருத்தியும் மாத்திரை வாங்க மாட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா டாக்டரின் வயிற்றையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “அப்ப ரெண்டு பேரும் சேந்தே போட்டுருவோம். ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணு,” என்றார். அங்கன்வாடிக் குடத்துத் தண்ணீரை ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்து இருவரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். மாத்திரை மென்று தின்ன வேண்டியது. அதை டாக்டரே மறந்துபோய் முதலில் முழுங்கப் பார்த்துத் திணறினார்.

இருவருக்கும் நல்லபடியாகப் பிரசவமானது. அக்காவுக்குப் பெண், டாக்டருக்கு ஆண். தடுப்பூசிகள் எல்லாம் காலத்தில் போடப்பட்டன. கடைசித் தவணை முடிந்து சில வாரங்கள் கழித்து, மஞ்சள் காமாலைக்கான ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தோம். ஊரான் பிள்ளைகளின் கையை அசையாமல் பிடித்துக்கொடுக்கும் டாக்டரால் தன் பையனைப் பிடிக்க முடியவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள, அக்காதான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

முடிவு வந்தபோது அக்காவின் மகளுக்கு ஊசி நன்றாகவே பிடித்திருந்தது. டாக்டரின் மகனுக்குப் பிடித்ததற்கான அடையாளமே ஏறக்குறைய இல்லை. நாங்கள் எதிர்பார்த்திருந்தால் அதை நேர்மாறாகத்தான் எதிர்பார்த்திருப்போம். மாமியார் அந்த மாத்திரையால்தான் வந்தது என்றார். களப்பணியாளர், டாக்டருக்கு நெடுநாளாகவே பூச்சி இருந்திருக்கும் என்றார். டாக்டரோ, ரெண்டு பிள்ளைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று என்னிடம் சொன்னார். சில பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாமல் முதல் சுற்று பிடிக்காமல் போவதுண்டு என்றும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அக்காவிடம் அவரே போய்ச் சொன்னார். “என் வயித்துலதான பூச்சி அம்புட்டும் இருந்துச்சுன்னீக?” என்று அக்கா கேட்டார். அவர் முகத்தில் தன் பிள்ளைக்குப் பிடித்ததன் சந்தோஷம் இல்லை. ஏதோ தவறுதலாகத் தனக்கு வந்துவிட்டது போன்ற சங்கடம்தான் இருந்தது.

“ஆமா. ஏன் இப்படின்னு எனக்குத் தெரியல,” என்றார் டாக்டர். “திரும்ப ஊசி போடணும். போட்டுட்டுப் பாப்போம்.”

அதன்பிறகு புதிதாக வரும் பெண்களிடம் டாக்டர் பேசும் விதம் மாறிவிட்டது. இதனால் உங்கள் பிள்ளைக்கு நல்லது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர், “மாத்திரை உங்க ரத்தசோகைக்கு நல்லது, அது நிச்சயம். பிள்ளையோட ஊசிக்கு உதவுமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் உங்களைக் கேக்குறேன்,” என்று சொன்னார். சிலர் எழுந்து போனார்கள். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. அவரைக் கூப்பிட்டுக் கேட்டதாகவும் அறிந்தேன். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தபோது குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ஆய்வு முடிந்தபோது திட்டவட்டமான விடை எதுவும் கிடைக்கவில்லை.

டாக்டர் கிளம்பும் முன்பே பையனுக்கு மறுசுற்று ஊசிகள் முடிந்திருந்தன. கடைசியாக எடுத்த ரத்தத்தைச் சோதிப்பது மட்டும் என்னிடம் பாக்கி இருந்தது. இந்த முறை நன்றாகப் பிடித்திருந்தது. ஃபோனில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அந்த அக்காகிட்டச் சொல்லிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றதும், “ஊர்ப்பக்கம் போறப்ப மறக்காம சொல்லிரு. ஒவ்வொரு தடவையும் பையனைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க,” என்றார்.

மறுநாளே போனேன். வீட்டு வாசலில் ஈரச்சாக்கை விரித்து அக்கா வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் காம்புகளைப் பிய்த்துப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். “அப்பச் சரி,” என்றார். கை நிற்கவில்லை. சற்றுப் பொறுத்து, “டாக்டரம்மா என்ன சொன்னாக?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலக்கா. கொஞ்ச நேரம் பேசவே இல்ல.”

“அழுதுருப்பாக,” என்றார். “நல்லா அழட்டும். அந்த மாத்திரையப் போட்டுட்டு வந்து நானும் அழுதேன், விடிய விடிய. காலையில புள்ள உதைச்சதுக்கப்புறம்தான் எந்திரிச்சு மூஞ்சி கழுவுனேன். அவுக தைரியமா இருக்கணுமேன்னு அத அவுககிட்டச் சொல்லல.”

இப்போது நான் தல்லாகுளத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் இருக்கிறேன். முடிவுகள் தயாரானதும் அவரவர் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போய்விடுகின்றன. யார் அதை எங்கே நின்று படித்தார்கள், படித்துவிட்டு யாரிடம் முதலில் சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரிவதில்லை.