நாலு பாட்டில் பப்ளி

பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி வைக்கிற ஒரு ஆளை அம்மா தன் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தது செங்கம் ரோட்டில், ஆசிரமத்தை ஒட்டிய ஒரு சந்தின் மாடி வீட்டில்தான். அந்த மாடியில் ஒரு வெள்ளைக்காரம்மா வாடகைக்கு இருந்தார். அம்மா அவருக்குப் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் அவர் கண்ணாடி டம்ளரில் பொன்னிறமாக எதையோ ஊற்றினார். நுரை அடங்கும் வரை வேடிக்கை பார்த்தார். மெதுவாகக் குடித்தார். பிறகு பாட்டிலை இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மறுநாள் அம்மா ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது பாட்டில் அதே அளவில் இருந்தது.

இதை அம்மா என்னிடம் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு. நான் பையனாக இருந்த அந்த நாளில் சொன்னது, அது வெளிநாட்டுச் சத்து ஜூஸ் என்று மட்டும்தான்.

எங்கள் வீட்டில் பாட்டிலை மூடும் வழக்கம் கிடையாது. அப்பா மூடியைத் திருகியதும் அதைத் தூர எறிந்துவிடுவார், இனி அதற்கு வேலையில்லை என்பதுபோல. அப்பா பெயிண்டர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிது புதிதாக வீடுகள் எழும்பிய காலம் அது. ஒரு நாள் காலையில் சாரத்தின் மேலே அவர் கால் தடுமாறி, டிஸ்டெம்பர் வாளி கீழே நின்றவன் தோளில் விழுந்தது. அன்று சாயங்காலமே மேஸ்திரி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அப்பாவிடம் பேசவில்லை. அம்மாவிடம்தான் பேசினார்.

"இன்னொரு வாட்டி வாசனையோட வந்தான்னா சாரத்துல ஏத்த மாட்டேம்மா. அவன் வியுந்து செத்தா போலீஸ் ஸ்டேஷன்ல நான்தான் நிக்கணும்."

அந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வம்சத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஏழாம் வகுப்பில் இருந்தேன். என்னைச் சித்தாளாக அனுப்ப அப்பாவின் அண்ணன் ஏற்கெனவே ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார்.

அம்மா அதுவரை அழுது பார்த்திருந்தாள், சண்டை போட்டிருந்தாள், கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவைத்திருந்தாள். இப்போது அவளுக்கு வேறு ஒரு கணக்கு தோன்றியது. தப்பு ஆளிடம் இல்லை, சரக்கில் இருக்கிறது. மிச்சம் வைக்கவிடும் சரக்கு ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதை வீட்டிலேயே செய்துவிட்டால் அப்பா வெளியே போக வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மாடி வீட்டுக்கு அழைத்துப் போனாள். மொழிபெயர்ப்பாளர் நான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பாடப் புத்தகத்தில் இருந்த அளவுக்குத்தான். ஆனால் கையில் நோட்டும் பேனாவும் இருந்ததால் தைரியம் இருந்தது. வெள்ளைக்காரம்மா பாதியைக் கையாலும் பாதியைப் பேச்சாலும் சொன்னார். அட்டைப் பெட்டியில் வரும் பழ ஜூஸ். சர்க்கரை. ரொட்டிக் கடையில் போடுகிற ஈஸ்ட் பொடி அரை ஸ்பூன். கூல்டிரிங்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி கூடாது, வெடித்துவிடும். ஜூஸ் பெட்டியின் மேல் ஒரு வார்த்தை இருந்தால் வாங்கவே கூடாது என்று அந்த வார்த்தையை அவரே என் நோட்டில் எழுதினார். ஜூஸ் கெடாமல் இருக்கப் போடுகிற மருந்தின் பெயர் அது. இதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். சிரித்துக்கொண்டே, குமிழ்கள் மேலே ஏறுவதுபோல விரலைக் காட்டி, "பப்ளி" என்றார். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

சூப்பர் மார்க்கெட்டுக்குள் நாங்கள் அதற்கு முன் போனதில்லை. அம்மா செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள். நான் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்க, பொறுமை போய் அம்மா கடைப் பையனிடமே கேட்டாள்.

"தம்பி, சீக்கிரம் புளிக்கிற ஜூஸ் எதுப்பா?"

"புளிச்சிருந்தா மாத்திக் குடுப்போம்மா. புளிக்கிறதுக்குன்னே தனியா விக்கிறதில்ல."

ஆப்பிள் ஜூஸ் பெட்டிகளில் அந்த வார்த்தை இல்லை. வாங்கினோம்.

முதல் பாட்டிலைச் சுத்தம் செய்கிறேன் என்று அம்மா கொதிக்கிற தண்ணீரை ஊற்ற, அது வாடிய கத்திரிக்காய் மாதிரி சுருங்கிப்போனது. அடுத்ததில் பாடம் கற்றோம். ஜூஸை ஊற்றி, சர்க்கரையும் பொடியும் போட்டு, கழுத்துக்கு நாலு விரல் கீழே நிறுத்தி, மூடியை லேசாகத் திருகி, ஈரச் சாக்கு சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். மறுநாளே பாட்டிலுக்குள் சின்னச் சின்ன முத்துகள் ஏறத் தொடங்கிவிட்டன. ஐந்தாம் நாள் அடியில் சேறு மாதிரி படிந்ததை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை வேறு பாட்டிலுக்கு மாற்றி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு இறுக்கி மூடினேன். காலையும் மாலையும் பாட்டிலை அமுக்கிப் பார்ப்பது என் வேலை. இரண்டு நாளில் கல்லாக இறுகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த எதுவும் வீட்டில் பயன்பட்டு நான் பார்த்ததில்லை. நோட்டில் எழுதிய இந்த ஒரு பக்கம் பயன்பட்டது.

அப்பா முதல் டம்ளரைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, கலர் சோடாவா?"

"வெள்ளக்காரங்க சாப்புடறது. குடிச்சுப் பாரு."

குடித்தார். உதட்டைத் துடைத்தார். "மூக்குல ஏறுது," என்று சொல்லிச் சிரித்தார். இன்னொரு டம்ளர். பிறகு என் நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பது தெரியாமல், அதில் இருந்த தவளைப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சாப்பிட்டார். பாட்டிலில் நாலு விரல் அளவு மிச்சம் இருந்தது. அம்மா மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் என்ன நினைத்தாரோ, மூடினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் போல அப்பா வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். சந்து திரும்பும்போதே குரல் கேட்கும். "எங்கடி உன் பப்ளி?" பக்கத்து வீட்டுக்காரி, "யாருக்கா அது பப்ளி, புதுசா இட்டாந்துட்டாரா?" என்று அம்மாவைச் சீண்டுவாள். மேஸ்திரி அவரைச் சாரத்தில் ஏற்றுவதை நிறுத்தவில்லை. சாயங்காலம் அப்பா தலையில் வெள்ளைப் புள்ளிகளோடு உட்கார்ந்திருப்பார். நான் பாடம் படிப்பேன். அது எங்களுக்குப் புது வழக்கம். எல்லோருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அப்பா வருவதற்கு முன் அம்மா பாட்டிலில் கொஞ்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் வெறும் ஜூஸையும் கடையில் வாங்கிய சோடாவையும் ஊற்றுவாள். நாளுக்கு நாள் கொட்டுவது கூடியது. விருந்தாளி வந்தால் சாம்பாரில் தண்ணீர் சேர்ப்பதைப் போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவள் அப்பாவைக் குடியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். பொங்கி வரும் நுரையில் வித்தியாசம் தெரியாது என்பது அவள் நம்பிக்கை.

ஒருநாள் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா, இன்னிக்கு கம்மியா கீது?"

"வெயில் கம்மி. சரியா புளிக்கல."

அப்பா அவளைப் பார்த்தார். "சரி, நுர ஜாஸ்தியா கீது. அது போதும்," என்று சொல்லி மிச்சத்தைக் குடித்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் மது ஒழிப்பு உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். குரல் கணீரென்று இருந்ததால் வாசிக்க என்னைத்தான் நிறுத்தினார்கள். நான் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். நான் முழு மனதோடுதான் சொன்னேன். அதே வாரம் அறிவியல் சார் ஒரு குடுவையில் சர்க்கரைத் தண்ணீரையும் ஈஸ்டையும் கலந்து கொண்டுவந்தார். மேலே நுரை கட்டியது. "இது இன்னான்னு யாருக்காவது தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியும். கையைத் தூக்கினேன்.

"எங்க வூட்ல செய்வோம் சார். நான்தான் செய்வேன்."

சார் என்னைப் பார்த்தார். பிறகு கரும்பலகையில் நொதித்தல் என்று எழுதி, சர்க்கரையிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு, அதன் முனையில் ஆல்கஹால் என்று எழுதினார்.

"இன்னாடா, வூட்லயே காச்சறீங்களா? உறுதிமொழி வாசிச்சவன் நீதானே?"

வகுப்பே சிரித்தது. சார் மோசமானவர் இல்லை. கிண்டலாகச் சொன்னதோடு மறந்துவிட்டார். பையன்கள் மறக்கவில்லை. மணி அடித்து வெளியே வருவதற்குள் எனக்குக் "காச்சறவன்" என்று பெயர் விழுந்துவிட்டது. "டேய், ஒரு கிளாஸ் இன்னா வெல?" என்று கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா வேலையிலிருந்து வரவில்லை. கட்டிலுக்கு அடியில் நாலு பாட்டில் இருந்தது. ஒன்றொன்றாகக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். திறக்கும்போது புஸ்ஸென்று சீறிக் கையெல்லாம் பிசுபிசுத்தது. அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் கவிழ்த்தேன். அப்படித்தான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டும் இருந்தேன். வகுப்பில் சிரித்த சிரிப்பு இல்லாவிட்டால் ஒரு பாட்டிலையாவது விட்டிருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா வந்தாள். சாக்கடை ஓரத்து எறும்புகளையும் நாலு வெறும் பாட்டில்களையும் பார்த்தாள். நான் அம்புக்குறி, ஆல்கஹால் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் என் கையைத் துடைத்தாள். "இன்னும் பத்து நாளு, வெறும் சோடாவா ஆயிருக்கும்," என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அப்பா வந்து முகம் கழுவி உட்கார்ந்தார். அம்மா சொன்னாள்.

"மூடி சரியில்ல. எல்லாம் ஒய்கிடுச்சு."

"நாலுமா?"

"நாலும்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. சோற்றைப் பிசைந்தார், இரண்டு வாய் சாப்பிட்டார், கையைக் கழுவிக்கொண்டார். உட்கார்ந்தபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"மேஸ்திரிய பாத்துட்டு வந்துடறேன். நாளைக்கு எந்த வூடுன்னு கேக்கணும்."

அம்மா வாசலை மறிக்கவில்லை. என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "நீயும் அப்பாகூட போ. கூடவே இருந்து இட்டுனு வா."

சந்தில் நடக்கும்போது அப்பா நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். தவளைக்கு எத்தனை கால் என்று கேட்டார். அடுத்த வருஷம் எனக்குப் புதுப் பை வாங்க வேண்டும் என்றார். சந்து முடிந்து செங்கம் ரோடு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. மேஸ்திரி வீட்டுக்கு இடது பக்கம் போக வேண்டும். வலது பக்கம் போனால் ஒயின் ஷாப். கம்பிக்கு முன்னால் நிற்கும் கூட்டம் அங்கிருந்தே தெரிந்தது. அப்பா இரண்டு பக்கமும் திரும்பவில்லை. கையை என் தோளில் வைத்திருந்தார். கை கனமாக இருந்தது.

"இன்னாடா, வூட்டுக்கே போயிடலாமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வந்த காரியம் முடியவில்லையே என்றுதான் தோன்றியது. பொறுப்பான பையன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"மேஸ்திரி எந்த வூடுன்னு சொல்லணுமே பா. நீ போய்ட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்."

"ஒண்டியா நிப்பியா?"

"நிப்பேன் பா. எனக்கின்னா பயம்?"

அன்று நான் நின்ற இடத்துக்கு அவர் திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் மேஸ்திரி அவரைச் சாரத்துக்குக் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அம்மா இன்னும் இரண்டு வீட்டில் வேலை பிடித்ததால் நான் சித்தாளாகப் போகவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் யார் கேட்டாலும் வரிசையாகச் சொல்லிவிட முடிகிறது. அந்த ரோட்டோரத்தைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் பதில் சொன்ன பிறகும் அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்கு நேரமாகிறது என்று நினைத்து, நானே ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன்.