கிருஷ்ணமணியின் கடைவாய்ப் பல்

திருவட்டாற்றுக்கு அரை மைல் இப்பால், ரோட்டைவிட்டு மரச்சீனிக் கிழங்கு பயிரிட்ட விளைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையின் முடிவில் முத்துக்கனியின் வீடு இருந்தது. முன்னறையில் அவளுடைய தையல் மிஷின். உள்ளறையில் தம்பி கிருஷ்ணமணியின் கட்டில். கணவன் காலராவில் போன பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவள் அவள். ரவிக்கையும் குழந்தைகள் சட்டையும் தைத்துத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

கிருஷ்ணமணி குலசேகரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். நாற்பத்தேழாம் வருஷத்து மழையில் முழங்கால் முட்டு இரண்டும் வீங்கின. முதலில் நீர்க்கோவை என்றார்கள். அது மணிக்கட்டுக்கும் விரலுக்கும் ஏறியபோது முடக்குவாதம் என்றார்கள். எண்ணெயும் அரிஷ்டமும் ஆஸ்பத்திரி மாத்திரையும் மாறிமாறி நடந்தன. இரண்டு வருஷத்தில் கால்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவனைத் தூக்கி உட்கார வைப்பதென்றால் இரண்டு ஆள் வேண்டும், தூக்குகிறவர்களும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், அப்படிக் கத்துவான். ஆனால் வாய் மட்டும் ஓயாது. ரவிக்கை அளவு கொடுக்க வரும் பெண்களின் ஊர் விசேஷமெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்தே விசாரித்துக்கொள்வான்.

அந்த வாய் ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் அடைத்துக்கொண்டது. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. கன்னம் வீங்கி, கண் பாதி மூடிப்போயிற்று. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தார்கள், உப்பு வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். பத்து நாளில் கஞ்சித் தெளிவைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஏற்கெனவே எலும்பாகக் கிடந்தவன் கட்டிலோடு ஒட்டிக்கொண்டான்.

தக்கலைச் சந்தையில் பல் பிடுங்குகிற ஒருவரை முத்துக்கனி வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவர் விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பல் பிடுங்கும் கொறட்டைத் திரும்பத் துணியில் சுற்றிவைத்தார்.

"வாய் இம்புட்டுத்தான் திறக்குமா?"

"தாடை மூட்டுலயும் வாதம் ஏறிட்டு. ரெண்டு வருசமா இப்பிடித்தான். இப்பம் வீக்கமும் சேந்து இன்னும் குறைஞ்சு போச்சு."

"கொறடு நுழையாத வாயில நான் என்னத்தச் செய்ய? தாடை ஒடிஞ்சா எனக்க தலையிலல்லா வரும்."

அடுத்ததாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு ஏற்றினார்கள். ரோட்டின் முதல் குழியில் சக்கரம் இறங்கி ஏறியதுமே கிருஷ்ணமணிக்கு நினைவு தப்பிவிட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னாள் முத்துக்கனி. முகத்தில் வெள்ளம் தெளித்துக் கண் திறந்ததும் அவன் பல்லிடுக்கு வழியாகச் சொன்னான்: "இனி என்னை எங்கயும் எடுக்காத அக்கா. இங்கனயே கிடந்துக்கிடுதேன்."

அவன் அப்படிச் சொன்னதுதான் அவளை உலுக்கிவிட்டது. ஆறு வருஷத்தில் ஒருநாளும் அவன் வாயிலிருந்து அந்த மாதிரிப் பேச்சு வந்ததில்லை.

அவனோடு முன்பு அதே பஸ்ஸில் ஓடிய டிரைவர் சிலுவைதாசன் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். கோட்டாற்றில் ஒரு மாடியில் சுந்தரராஜ் என்று பல் டாக்டர் இருக்கிறார், மதராஸில் படித்தவர் என்று அவர்தான் சொன்னார். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே முத்துக்கனி ஏறினாள்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனிதர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆளைக் கொண்டுவராம நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார்.

"கொண்டுவந்தா உயிரு இருக்காது டாக்டரே. நீங்கதான் வரணும்."

"என் மிஷின் இருக்கு பாருங்க, அது வராது." மூலையில் காலால் மிதிக்கிற துளைபோடும் மிஷின் ஆளுயரத்துக்கு நின்றது. "வாய் எவ்வளவு திறக்கும்?"

அவள் இரண்டு விரலால் காட்டினாள்.

"விரல் கணக்கு எனக்கு உதவாது. சரியா அளந்து சொல்லுங்க, பிறகு பார்ப்போம்."

தட்டிக் கழிக்கத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அளவு எடுப்பது அவளுடைய தொழில். வீட்டுக்குப் போனதும் தம்பியின் முன்பற்களுக்கு நடுவே நூலைப் பிடித்து அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாள். சாயங்காலம் கன்னத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு, என்னவோ தோன்றி, மறுபடியும் அளந்தாள். இந்த நூல் கொஞ்சம் நீளமாக இருந்தது. இரண்டையும் ஒரு காகிதத்தில் ஒட்டி, 'காலையில் இவ்வளவு, ஒத்தடம் கொடுத்த பிறகு இவ்வளவு' என்று எழுதிச் சிலுவைதாசனிடம் கொடுத்தனுப்பினாள்.

டாக்டர் அந்தக் காகிதத்தை ஜன்னலண்டை கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு சிலுவைதாசனிடம் கேட்டாராம், "இந்த அம்மா எதுவரை படிச்சிருக்கு?"

"நாலாங் கிளாஸ் இருக்கும் சார். தையக்காரி."

பதில் அன்றைக்கே வந்தது. வாய் முழுக்க முழுக்க வாதத்தால் பூட்டியிருந்தால் ஒத்தடத்துக்கு அசையாது, பாதி இறுக்கம் சீழால் வந்தது, சீழை வடித்தால் வாய் இன்னும் திறக்கும் என்று எழுதியிருந்தார். பென்சிலின் ஊசிக்கு ஒரு சீட்டும் உள்ளே இருந்தது. புதன்கிழமை வருகிறேன், மிஷினுக்கு வண்டி உங்கள் பொறுப்பு என்று முடித்திருந்தார்.

திருவட்டாற்றுக் கம்பவுண்டர் ஜெபதாஸ் மூன்று நாள் வந்து ஊசி போட்டார். புதன்கிழமை பஸ்ஸின் உச்சியில், வாழைக்குலைகளுக்கு நடுவே, பழஞ்சேலையில் பொதிந்த மிஷின் வந்து இறங்கியது, பஸ்ஸுக்குள்ளிருந்து டாக்டரும். சிலுவைதாசன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு அவரே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். ஏறியிருந்தவர்களில் ஒருவரும் தாமதமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. பாதிப் பேர் கிருஷ்ணமணியிடம் டிக்கெட் வாங்கினவர்கள்.

உள்ளறையில்தான் அடுத்த சிக்கல். கிருஷ்ணமணியைத் திருப்ப முடியாது, கட்டிலை நகர்த்தினாலும் வலி. டாக்டர் சுவர்ப் பக்கம் மண்டியிட்டுக் குனிந்தால்தான் பல் தெரிந்தது. அப்படிக் குனிந்தால் மிதிகட்டை அவர் காலுக்கு எட்டவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு நிமிர்ந்தார். வேர்வை வழிந்தது. வாசல்வழியே முன்னறைத் தையல் மிஷின் அவர் கண்ணில் பட்டது.

"அம்மா, நீங்க இதை மிதிப்பீங்களா?"

முத்துக்கனி மிதிகட்டையில் காலை வைத்துப் பார்த்தாள். தையல் மிஷினைவிடக் கனம். ஆனால் அதே ஓட்டம்தான்.

"ஒரே சீரா ஓடணும். நில்லுன்னா அந்த நொடியே நிக்கணும். ஓடிக்கிட்டே இருந்தா நாக்குல பட்டிரும்."

"ஊசி முனையில நிறுத்திப் பழக்கம் உண்டு டாக்டரே."

டாக்டர் ஈறில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டார். அவள் மிதிக்கத் தொடங்கினாள். சக்கரக் கயிறு ஓட, முனை சுழன்று பல்லில் பட்டதும் ஒரு கிறீச்சென்ற சத்தம் எழுந்தது. துணி வலிக்கிறதென்று சொல்லாது. இது உடன்பிறந்தவனின் வாய். அவள் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் டாக்டரின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை இறுகினால் வேகம் குறைத்தாள், தளர்ந்தால் கூட்டினாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் "நில்லு" என்று சொல்வதையே விட்டுவிட்டார், அதற்கு முன்பே அவள் கால் நின்றுவிடும்.

கன்னத்துப் பக்கமாகத் துளை விழுந்ததும் சீழ் கொப்பளித்து வந்தது. அறை முழுக்க நாற்றம். ஈறையும் லேசாகக் கீறி வடித்துவிட்டு, டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"வலிக்கா மக்கா?" என்றாள் முத்துக்கனி.

கிருஷ்ணமணி கண்ணை மூடிக் கிடந்தான். பஞ்சைக் கடித்தபடியே, "விட்டுட்டு அக்கா. அந்தக் குத்தல் விட்டுட்டு" என்றான். அன்று சாயங்காலம் முதல் மறுநாள் வெயில் ஏறும்வரை ஒரே தூக்கம். மூச்சு வருகிறதா என்று அவள் நாலைந்து தடவை குனிந்து பார்த்தாள்.

பதினைந்து நாள் கழித்து டாக்டர் மறுபடியும் வந்தார். அதற்குள் காலையும் மாலையும் ஒத்தடம் கொடுத்து, மரக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பற்களுக்கிடையே வைத்து வாயைத் திறக்கப் பழக்கியிருந்தார்கள். அவள் மிதிக்க, டாக்டர் பல்லை மூன்று துண்டாக அறுத்து ஒவ்வொன்றாக எடுத்தார். வேறு இரண்டு சொத்தைகளையும் அடைத்தார். மற்றப் பற்களைத் தேய்க்க, நீளக் கைப்பிடி கட்டிய பிரஷ் ஒன்றைக் கிருஷ்ணமணியின் மடங்கிய விரல்களுக்குப் பொருந்தும்படி அவரே செய்து கொண்டுவந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேகவைத்த மரச்சீனியும் சாளைமீன் குழம்புமாக அவன் ஒரு பெரிய கோப்பையைக் காலி செய்தான். வாதம் போய்விடவில்லை. கால் நிமிரவுமில்லை. ஆனால் வாதத்தோடு மாசாமாசம் வந்துகொண்டிருந்த காய்ச்சல் குறைந்தது, உடம்பில் சதை பிடித்தது. சுவருக்கு அப்பாலிருந்து கேள்விகளும் வரத்தொடங்கின.

ரவிக்கைக்கு வந்த பெண்கள் வழியாகச் செய்தி பரவியது. திற்பரப்புப் பக்கம் பக்கவாதத்தில் கிடக்கிற ஒரு ஆசிரியை, நேசம்மாள் என்று பேர், பல்வலியில் துடிக்கிறாள் என்றார்கள். ஆற்றூரில் மூச்சு வாங்கிப் படி இறங்க முடியாத ஒருவர். அடைத்த பற்களைப் பார்க்க வந்த டாக்டரிடம் முத்துக்கனி இதைச் சொன்னாள்.

"மாசத்துல ஒரு புதன் நான் வரலாம். மிஷினை மிதிக்க நீங்க வருவீங்கன்னா."

"கிறிஸ்மஸுக்குத் துணி குவிஞ்சு கிடக்கே டாக்டரே."

உள்ளறையிலிருந்து கிருஷ்ணமணியின் குரல் வந்தது. "போ அக்கா. துணி ஒரு நாள் காத்துக் கிடக்கட்டு. நான் கஞ்சி குடிச்சுக்கிடுதேன்."

அவள் போனாள். ஐம்பத்தாறில் மொழிவாரியாக மாநிலம் பிரிந்து ஜில்லா சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வருஷம்வரை, பதினேழு வீடுகளின் உள்ளறைகளில் அந்த மிஷினை அவள் மிதித்திருந்தாள். நேசம்மாள் டீச்சர் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, டாக்டர் பையைத் திறப்பதற்கு முன்பே டீச்சர் இடக்கையால் முத்துக்கனியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதுங்க டீச்சரே" என்று அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "எனக்க தம்பிக்கும் இதே மிஷின்தான். நேத்து முறுக்கு தின்னான்."