மாடியறையில் விட்டுப்போன வீணை

கல்கத்தா மழைக்கு ஈவிரக்கம் கிடையாது. ஆவணி முடிவதற்குள் பாலிகஞ்ச் வீட்டில் செருப்பு முதல் சாமி படம் வரை பூஞ்சை பூத்துவிடும். அப்படிப்பட்ட ஊரில்தான் ஒரே பலா மரத்தில் குடைந்த என் அம்மாவின் வீணையைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அம்மா போன பிறகு அவள் நினைவென்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். வீட்டில் ஓதம் ஏறாத இடம் மாடியறை. அங்கே சுவரில் படாமல் பெஞ்சின்மேல் கிடத்தி, பழைய பட்டுப்புடவையைச் சுற்றி, பக்கத்தில் கூடை நிறைய அடுப்புக்கரி வைப்பேன். கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமுத்துப்போனால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தலைப்பிரசவத்துக்குக் கும்பகோணத்துப் பிறந்தகத்துக்குக் கிளம்பும்போது என் கணவரிடம் இதைப் படித்துப் படித்துச் சொன்னேன்.

"வெயில்ல மட்டும் வெச்சுடாதீங்கோ. அது ஈரத்தைவிடப் பொல்லாதது."

"உன்னைவிட நன்னாப் பார்த்துக்கறேன், போ."

நம்பினேன்.

குழந்தையோடு திரும்பியபோது நவராத்திரி நெருங்கியிருந்தது. சரஸ்வதி பூஜையில் வீணையை வைத்து, மறுநாள் எடுத்து வாசிப்பது எங்கள் வழக்கம். மாடியறையில் சுருட்டு நாற்றம். பாயில் சீட்டுக்கட்டு. பட்டுப்புடவை மட்டும் கச்சிதமாகச் சுற்றியிருந்தது. பிரித்தேன். வீணையின் கழுத்தான தண்டியில் நீளமாக ஒரு விரிசல். அதன்மேல் பதித்த பித்தளை மெட்டுகள் சரிந்து கிடந்தன.

"மழைடீ. இந்த ஊர் ஓதத்துக்கு யார் என்ன பண்ண முடியும்?" என்றார், நிலைப்படியிலேயே நின்றுகொண்டு.

தடவிப் பார்த்தேன். மெட்டுகளைத் தாங்கும் கறுப்பு மெழுகு ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருந்தது.

"ஏன்னா, மழையில மெழுகு உருகுமா?"

மென்று விழுங்கினார். ஆபீஸ் சிநேகிதர்கள் சீட்டாட அறை வேண்டியிருந்ததாம். வீணை கீழே குழாயை ஒட்டிய அறைக்குப் போனதாம். பூஞ்சை பிடித்ததாம். நான் வருவதற்குள் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போட்டாராம்.

பூஞ்சையை நான் துடைத்திருப்பேன். ஈரத்தை நிழலில் மெல்ல ஆற்றியிருப்பேன். அவருடைய அலட்சியத்தைக்கூட நாலு நாள் கத்திவிட்டு மறந்திருப்பேன். என் கண்ணில் மண்ணைத் தூவப் போட்ட வெயிலில்தான் அது பிளந்தது.

விரிசல் தெரியாமல் திருப்பி வைக்கச் சொன்னார். கேட்கவில்லை. சரஸ்வதி பூஜையன்று விரிசல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். சுண்டலுக்கு வந்த அதே சிநேகிதர்கள், "அடடா, கல்கத்தா மழை!" என்று உச்சுக்கொட்டினார்கள்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார்.