நல்ல கோப்பு தேடிய பத்து மாதம்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வங்கியின் கணினிப் பிரிவில் பதினாறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, மூன்று வருட விடுப்பில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர். வாய் ஓயாமல் எங்களைக் கிண்டல் செய்வார். அந்த நாட்கள் திரும்ப வராதா என்று இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

எது வைரஸ் கோப்பு, எது நல்ல கோப்பு என்று கணினியே பிரித்துச் சொல்லப் பழக்குவதுதான் அக்கா, நான் இருவர் ஆய்வும். அதற்காக நாற்பதாயிரம் கோப்புகளைத் திரட்டியவன் நான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொன்னது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

என் வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல ஃபைலெல்லாம் எங்கேருந்து எடுத்தே?"

"நம்ம லேப் கம்ப்யூட்டர்லேருந்து. ஏன்?"

"வெளியிலேருந்து ஆயிரம் நல்ல ஃபைல் குடுத்தேன். எண்ணூறை வைரஸ்ங்குது. அது வைரஸைக் கத்துக்கலைடா. நம்ம லேப் ஃபைல் எதுன்னுதான் கத்துக்கிட்டிருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பத்து மாசத்துல உங்க லீவு முடியுது, உங்க தீசிஸ் முடியலைன்னு என் பொழைப்புல மண்ணள்ளிப் போடறீங்களா?" என்று கத்தினேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இதை வெச்சு நான் தீசிஸ் எழுத மாட்டேன்" என்று எழுந்துபோனார்.

மூன்று நாள் முகம் கொடுக்காமல் திரிந்தேன். நான்காம் நாள் அந்த ஆயிரத்தை நானே ஓட்டிப் பார்த்துவிட்டு, பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். தேர்வு தள்ளிப்போனது. அக்கா குத்திக்காட்டவே இல்லை. "வாடா, முதல்லேருந்து சேர்ப்போம்" என்றார்.

அவரவர் கணினியிலுள்ள நல்ல கோப்புகளைக் கேட்டு, நூலகம், அச்சகம், கடைகள் என்று இருவரும் பென்டிரைவோடு படியேறினோம். எங்களைத் திருடர்கள்போலப் பார்த்தார்கள். "மூஞ்சியைக் கொஞ்சம் நல்லவனாட்டம் வெச்சுக்கோடா" என்பார் அக்கா. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். கடைசியில் எண்பத்திரண்டு சதவீதம்தான் வந்தது. ஆனால் அது நிஜம்.

அதற்குள் அக்காவின் விடுப்பு தீர்ந்துவிட்டது. எனக்குப் பட்டம் கிடைத்தது. அவர் ஆய்வேடு பாதியில் நிற்க, வங்கிக்குத் திரும்பினார்.

போன வாரம் போன் செய்தேன். "மிச்சத்தை எழுதுங்கக்கா. நான் கூட இருக்கேன்."

"நேரம் எங்கே இருக்கு, டாக்டரே?"

"ஐயோ, நீங்க அப்படிக் கூப்பிடாதீங்க."

"போடா. அத்தனை படி ஏறினேன், நான் கூப்பிடாம வேற யாரு கூப்பிடுவா?"