காலி வளையம்

இது நடந்தது. கேட்டுவிட்டு சிரிக்கலாம், அது உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது என் அண்ணிக்கு. பேய்ப் படம் போட்டால் பாதியிலேயே குறட்டை விடுகிற மனுஷி அவர்.

அண்ணிக்கு மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் வேலை. யார் எதைச் சொன்னாலும் "அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். அண்ணன் காய்ச்சல் என்று படுத்தால்கூட தெர்மாமீட்டர் சொன்ன பிறகுதான் மாத்திரை வரும். அப்படிப்பட்டவர் இதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மறுபடி கேட்டபோது எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஊர் எல்லையில் ஒரு ஐஸ் ஃபேக்டரி. மூடி வெகுநாளாகிவிட்டது. மெஷின்களையெல்லாம் விற்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது காலிக் கட்டடமும், கேட்டுக்குப் பக்கத்து அறையில் குடியிருந்த வாட்ச்மேனும் அவர் மனைவியும்தான். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு விநோதம் தெரிந்தது. தினமும் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அந்தக் கட்டடம் கரண்ட் இழுத்தது. கட்டடத்துக்கு வரும் மூன்று லைனில் நீல அடையாளம் போட்ட ஒன்றில் மட்டும். ப்ளூ ஃபேஸ். கொஞ்ச நேரம் ஒரு மோட்டார் ஓடுகிற மாதிரி இழுக்கும். பிறகு நின்றுவிடும்.

"வாட்ச்மேன் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குத் திருட்டு லைன் குடுத்திருக்கான்," என்றார் மேலதிகாரி. "ஒயர் எங்க போகுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. கேஸ் போட்டுடலாம்."

அண்ணிக்கும் சந்தேகம் வாட்ச்மேன் மேல்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

லைன்மேனைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அலுவலகத்தில் 'ஒல்லி' என்று பேர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் அந்தப் பேர்.

கேட்டைத் திறந்த வாட்ச்மேன் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். பின்னால் அவர் மனைவி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க ரூம்ல ஒரு பல்பு, ஒரு ஃபேன். அவ்வளவுதாம்மா," என்றார் அந்தப் பெண், யாரும் கேட்காமலே.

"பேனல் ரூம் எங்க இருக்கு? வந்து காட்டுங்க," என்றார் அண்ணி.

"நேரா போய் இடது பக்கம். நான் வரலைங்க," என்றார் வாட்ச்மேன். "இந்த நேரத்துல நான் அங்க போறதில்ல."

"ஏன்?"

"போறதில்லைங்க."

அண்ணி ஒல்லியைப் பார்த்தார். ஒல்லி புருவத்தை உயர்த்தினார். ஆள் மாட்டிக்கொண்டான் என்றே இருவரும் நினைத்தார்கள்.

பேனல் ரூமில் ஒரே ஒரு ஜன்னல். நல்ல வெயில் உள்ளே விழுந்தது. சுவரில் மீட்டர். அதற்குக் கீழே கட்டைவிரல் தடிமனில் மூன்று கேபிள்கள். ஒவ்வொரு கேபிளும் ஒரு கறுப்பு வளையத்துக்குள் நுழைந்து போனது. அந்த வளையத்துக்கு சி.டி. என்று பேர்.

அதை அண்ணி எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். பெரிய கரண்டை நேராக மீட்டருக்குள் விட்டால் மீட்டர் புகைந்துவிடும். அதனால் கேபிளைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுவார்கள். வளையத்துக்குள் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். கேபிள் அதைத் தொடாது. தொடாமலே, கேபிளில் ஓடுவதில் ஒரு சின்னப் பங்கு வளையத்தின் கம்பியில் எழும். கேபிளில் இருநூறு ஆம்பியர் ஓடினால் வளையம் மீட்டருக்கு ஐந்து ஆம்பியர் தரும். நாற்பது ஓடினால் ஒன்று. நடுவில் எதுவும் ஓடவில்லை என்றால் எதுவும் தராது.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. கேபிளில் கரண்ட் ஓடும்போது வளையத்திலிருந்து மீட்டருக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றவே கூடாது. கழற்றினால் அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் எகிறும். பக்கத்தில் நிற்கும் ஆளைத் தூக்கி அடிக்கும். முதலில் வளையத்திலிருந்து வரும் இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஷார்ட் பண்ணுவது என்பார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்கலாம்.

மணி பன்னிரண்டைத் தொட்டது. மீட்டரில் எண் ஏறியது. ப்ளூ ஃபேஸ், நாற்பது ஆம்பியர்.

அண்ணி மெயின் ஸ்விட்சை இறக்கினார். எண் இறங்கவில்லை.

"ஸ்விட்சுக்கு முன்னாடியே எங்கயோ ஒட்டு போட்டிருக்கான்," என்றார் ஒல்லி.

அண்ணி டார்ச் அடித்து கேபிளை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். ஒட்டு எதுவும் இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே பொந்து எதுவும் இல்லை.

"அண்ணா, வெளிய போஸ்ட்ல ஏறி ஃபியூஸை எடுத்துடுங்க. மூணையும் எடுத்துடுங்க."

ஒல்லி போனார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் அணைந்தது. அறையில் இப்போது எந்தக் கரண்டும் இல்லை. அண்ணி டெஸ்டரை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

ஆனாலும்... ஒரு சத்தம் கேட்டது.

ம்ம்ம்ம்... என்று. மெல்லிசாக. ப்ளூ ஃபேஸ் வளையத்திலிருந்து.

அண்ணி கையில் கிளாம்ப் மீட்டர் இருந்தது. நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறந்து ஒயரைக் கவ்வி, உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும். கேபிளைக் கவ்வினார். பூஜ்யம். வளையத்தின் மெல்லிய ஒயரைக் கவ்வினார்.

ஒரு ஆம்பியர்.

கேபிளில் எதுவும் ஓடவில்லை. வளையம் மட்டும் நாற்பது ஓடுகிறது என்றது.

கிளாம்ப்தான் கெட்டுவிட்டது என்று அண்ணி நினைத்தார். ஒயரிலிருந்து எடுத்துப் பார்த்தார். பூஜ்யம். திரும்பக் கவ்வினார். ஒன்று.

அவருக்குக் கோபம் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள். ஸ்பானரை எடுத்து கேபிளின் முனையைக் கழற்றி, வளையத்திலிருந்து உருவிக் கீழே போட்டார்.

இப்போது வளையம் காலி. அதன் ஓட்டை வழியே பின்சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.

கிளாம்ப் இன்னும் ஒன்று என்றே காட்டியது.

ம்ம்ம்ம்...

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியதாம். விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

வளையத்தைக் கழற்றி லேபுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். காலி வளையம்தானே, அப்படியே கழற்றலாம். ஆனால் பழகிய கை விடவில்லை. ஷார்ட் பண்ணும் தகட்டை நகர்த்தி இறுக்கினார். ரீங்காரம் அடங்கியது.

பின்னால் காலடிச் சத்தம்.

ஒல்லி வந்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்றார். அண்ணி திரும்பவில்லை. கண் கிளாம்பின் மேலேயே இருந்தது. ஓரக்கண்ணில் காக்கிச் சட்டை போட்ட ஒரு கை ஸ்க்ரூ டிரைவரோடு நீண்டது. ஸ்க்ரூவுக்கு அருகில் வந்து தயங்கி நின்றது.

"ஷார்ட் பண்ணியாச்சு, கழட்டுங்கண்ணா," என்றார் அண்ணி.

ஸ்க்ரூ திரும்பியது. க்ரீச்... க்ரீச்...

பிறகு ஒரு வெடிச் சத்தம்.

ஒரு ஆண் அலறினான். அலறல் பாதியில் அறுந்தது.

முடி கருகும் நாற்றம்.

அண்ணி திரும்பினார்.

யாருமில்லை.

ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. யாரும் தொட்ட தடம் இல்லை. கிளாம்ப் பூஜ்யம் காட்டியது.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒல்லி இன்னும் போஸ்டில்தான் இருந்தார். ஏணியில் உடம்பைத் திருப்ப முடியாமல், மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. ஸ்க்ரூவை நோக்கி நீண்டுவந்த அந்தக் கை குச்சி மாதிரி மெலிந்திருந்தது.

வெளியே வந்ததும் வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி வாங்கிக் குடித்தார்.

"சத்தம் கேட்டீங்களா?" என்றார் அண்ணி.

"தினம் கேக்குறேங்க. சொன்னா யார் நம்புவா? குடிச்சிட்டு உளர்றேன்னுவாங்க."

அண்ணி அப்போதும் நம்பத் தயாராக இல்லை. எங்கோ மறைவாக ஒரு லைன் இருக்கிறது, இவன் ஏதோ நாடகம் ஆடுகிறான் என்றே நினைத்தார். "இந்த ரூமுக்கு ஒயரிங் பண்ணது யாரு?" என்று கேட்டார்.

"பழைய எலக்ட்ரீஷியன். இங்கதான் ஒரு விபத்துல அடிபட்டார். ரெண்டு தெரு தள்ளி வீடு."

அவருக்குத் தெரியாத லைன் இருக்க முடியாது. அண்ணி நேராக அங்கே போனார்.

கதவைத் திறந்தது எலக்ட்ரீஷியனின் மனைவி. அண்ணியின் கழுத்தில் தொங்கிய மின்சார அலுவலக அட்டையைப் பார்த்தார். உள்ளே நாற்காலியில் மெலிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மடியில் கிடந்த இரண்டு கைகளிலும் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன.

"சி.டி. ஒயரைக் கழட்டும்போது அடிச்சிடுச்சு," என்று அந்த அம்மா வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். "எங்க பையன் அப்ப கைக்குழந்தை. இப்ப காலேஜ் முடிச்சிட்டான். ஷார்ட் பண்ணாம கழட்டுனது இவர் தப்புன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இவர் இல்லவே இல்லைங்கறார். ஏதோ குரல் கேட்டதுங்கறார். யாரும் நம்பல. நானும்தான் நம்பல."

கைக்குழந்தை இப்போது காலேஜ் முடித்துவிட்டான் என்றால்... அண்ணி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

"யாரு வந்திருக்கா?" என்றது உள்ளேயிருந்து.

"மின்சார ஆபீஸ்லேர்ந்து வரேங்கண்ணா," என்றார் அண்ணி.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சுவர் தடுக்கும்வரை பின்வாங்கினார்.

"இவங்கதான்," என்றார் மனைவியிடம். "இந்தக் குரல்தான். அங்க பொம்பளைங்க யாருமே வேலை செய்யலையே, எப்படின்னு கேட்டீங்களே எல்லாரும். திரும்பிக்கூடப் பாக்கல நான். பக்கத்துல நின்னு அவ்வளவு தெளிவாச் சொன்னாங்க. ஷார்ட் பண்ணியாச்சு, கழட்டுங்கண்ணான்னு. நம்பிக் கழட்டினேன்."



"அம்மா," என்றார் அவர், அண்ணி நின்ற திசை பார்த்து. "இன்னொரு தடவை பேசுங்க."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே பின்னால் நடந்து தெருவுக்கு வந்துவிட்டார்.

வாட்ச்மேன் மேல் கேஸ் இல்லை. திருட்டு இல்லை என்று அண்ணி எழுதிக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் பகலில் எண் ஏறவே இல்லை. எலக்ட்ரீஷியன் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அண்ணிதான். அதை எந்த வாயால் போய்ச் சொல்வது?

அவர் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். ஆனால் பேனல் ரூமுக்குள் போனால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒல்லி நேரில் வந்து முகத்தைக் காட்டும்வரை காத்திருப்பார். பிறகு கையால் ஜாடை காட்டுவார்.