ஊடு பூரா வாசனெ

அருப்புக்கோட்டைக்காரன் பாஸ்கரனுக்குத் தன் மூக்கின்மேல் அபார நம்பிக்கை. தொழிற்சாலையில் மெஷின் எண்ணெய் கருகினால் முதலில் கண்டுபிடிப்பது அவன்தான். அதற்காக மேடையேற்றி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அன்றிலிருந்து உலகத்தில் எந்தக் குறையையும் தன்னால் சரிசெய்ய முடியும் என்று முடிவு கட்டிவிட்டான். கம்பெனிக்கு ஹாட்பாக்ஸோடு போயிற்று, அனுபவிப்பது வீட்டில் இருப்பவர்கள்தானே.

வீடு என்றால் கன்னட எல்லையோரத்து ஜூஜுவாடியில் வெங்கடம்மாவின் வரிசை வீடுகளில் ஒன்று. அவனும் மனைவி ராசாத்தியும் குடியிருந்தார்கள். கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்திய சமயம், கேட்டருகே நனைந்துகொண்டிருந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தான். "ஓ.டி. தரமாட்டேன்னுட்டாய்ங்க. நானே கொண்டாந்துட்டேன்" என்றான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கொண்டுவந்தது அவன், வளர்த்தது ராசாத்தி. அவன் ஷிப்டுக்குப் போனபின் அந்தத் தெருவில் அவளுக்குப் பேச ஆளில்லை. ஓ.டி. பதில் சொல்லாது, ஆனால் காது கொடுத்துக் கேட்கும். பாஸ்கரனிடம் அதுகூடக் கிடையாது.

மழைக்காலத்தில் ஒருநாள் தண்ணீர் மோட்டார் போட வந்த வெங்கடம்மா வாசலிலேயே நின்றார்.

"ஏனப்பா, ஊடு பூரா வாசனெ!"

பாஸ்கரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மழை வாடை போகட்டுமென்று காலையில்தான் எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்திருந்தான். "பாத்தியா? கடையில விக்கிற ஸ்ப்ரே எதுக்கு? இயற்கை வைத்தியம்!" என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்தினான்.

மறுவாரம் சாம்பிராணி, கற்பூரம், வெட்டிவேர் என்று ஏற்பாடு பலப்பட்டது. கஷ்டப்பட்டு உண்டாக்கிய வாசனை வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினான். திருடு போகாமலிருக்கக் கம்பெனி ஷூவை எப்போதும்போலக் கதவுக்குப் பின்னால் அலமாரியில் வைத்துக்கொண்டான். ஓ.டி. தும்மித் தும்மி ஓய்ந்தது.

"அதுக்கு ஒத்துக்கலைங்க" என்றாள் ராசாத்தி.

"பழகிரும்."

வெங்கடம்மா மறுபடி வந்தார். "அய்யய்யோ, முன்னைக்கு ஜாஸ்தி வாசனெ!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்மா" என்று கைகூப்பினான் பாஸ்கரன். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் முறை ஆசீர்வாதம் வேறு மாதிரி வந்தது. "நாய எங்கனா வுடு. இல்லாட்டி ஊட்ட காலி பண்ணு. ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன்."

"பொறாமை. அவுக வீட்டுல இந்த வாசனை இல்லேங்குற பொறாமை" என்றான் பாஸ்கரன். ராசாத்தி அன்று சாப்பிடவில்லை. ஓ.டி. இல்லாத பகல்களை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு மீன் வாங்கப் போனாள். பக்கத்தில் நின்ற ஒரு கன்னடத்துப் பெண் மீனைத் தூக்கி முகர்ந்தாள். "சீ! வாசனெ!" என்று முகத்தைச் சுளித்துத் திரும்ப வீசினாள்.

நீட்டிய பையோடு ராசாத்தி அப்படியே நின்றுவிட்டாள். சொல்லுக்கென்ன, அது பாட்டுக்கு அர்த்தம் மாறிக்கொள்கிறது. தமிழில் நாற்றம் என்பதே ஒரு காலத்தில் நறுமணம்தான். அத்திப்பள்ளியில் வாசனைக்கு அந்தக் கதி நேர்ந்திருந்தது. வெங்கடம்மா வீட்டில் பேசுவதும் கன்னடம்தானே.

மீன் வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தாள். "நாத்தம்னுதாங்க அந்தம்மா இத்தனை நாளும் சொல்லியிருக்காக!"

"உனக்கு எப்பக் கன்னடம் தெரியும்?" என்றான் அவன்.

அவள் வாயாடிக்கொண்டிருக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்தாள். வெட்டிவேர் முதல் கற்பூரம் வரை குப்பைக்குப் போனது. ஓ.டி. படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி மொட்டை மாடி வெயிலில் போட்டாள். நாய் ஈரம் பண்ணும் மூலையை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தாள். பாயில் சோடா உப்பைத் தூவி, சற்று நேரம் விட்டுக் கூட்டி எடுத்தாள். கடைசியில் ஓ.டி.யைக் குளிப்பாட்டி ஈரம் போகத் துவட்டினாள். பாஸ்கரன் கட்டிலில் உட்கார்ந்து, தன் உழைப்பெல்லாம் ஜன்னல் வழியே போகிறதே என்று புலம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கடம்மா வந்தார். கூடத்தில் நின்று மூச்சை இழுத்தார். அடுப்படி, மூலை, ஓ.டி.யின் சாக்கு என எல்லாவற்றையும் பார்த்தார். ராசாத்தி நாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாசனெயே இல்ல!"

பாஸ்கரனின் முகம் தொங்கிப்போனது.

திரும்பி வாசலுக்கு வந்தவர் கதவருகே சட்டென்று நின்றார். மூக்கு சுருங்கியது. அலமாரியிலிருந்த கம்பெனி ஷூவை இரண்டு விரலால் தூக்கி, கையை நன்றாக நீட்டிப் பிடித்தார். "நாயி உள்ளயே இருக்கட்டும். மொதல்ல இத ஆச்செ போடு!" என்று அதைத் தெருவில் வைத்துவிட்டுப் போனார்.

ராசாத்திக்குக் கண்ணீர் பொங்கி வந்தது. ஓ.டி. அதை நக்கியது.

"என்ன சொல்லிட்டுப் போறாக? ஆச்சென்னா பாராட்டா?" என்றான் பாஸ்கரன்.

"ஆமாங்க" என்றாள் அவள். "உங்க ஷூ ரொம்ப வாசனையா இருக்காம்."